கவச உடுப்புக்குச் சுற்றிப் போட்ட கதை

கோர்ட்டுப் படி ஏறாமலே பொய்ச் சாட்சி சொன்னவள் நான். அதுவும் ஒரு தடவை இல்லை, நாற்பது தடவை. ஊதா மையில், காலருக்கு உள்பக்கம், 'டெஸ்டட்' என்று ஒரு சீல். அதற்குக் கீழே என் நம்பர், ஏழு. ஏழு என்றதும் எனக்கு முன்னால் ஆறு செக்கர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததாக நினைத்துவிடாதீர்கள். இருந்தது நான் ஒருத்திதான். ஏழு எங்கள் முதலாளியின் ராசி நம்பர்.

அதற்கு முன்னால் பத்து வருஷம் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் செக்கராக இருந்தேன். சூளையிலிருந்து வரும் கப்பு, ஜாடி, தட்டு எதுவானாலும் இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை விரல் கணுவால் ஒரு தட்டு. 'ணங்' என்றால் நல்ல சரக்கு. 'சொத்' என்றால் உள்ளே விரிசல், தூக்கி ஓரமாகப் போடு. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட என் காதுக்குத் தெரிந்துவிடும். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் பட்டறையில் எதற்கெடுத்தாலும் "தட்டிப் பாத்தாச்சா?" என்பதுதான் கேள்வி. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவளிடம்கூட அதைத்தான் கேட்போம்.

பட்டறை மூடியது. நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் ஸ்கூல் யூனிபார்ம் தைக்கும் ஷெட் வைத்திருந்தவர் ஆள் அனுப்பினார். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். போனால், மனிதர் நெற்றியில் பட்டையும் கழுத்தில் இஞ்ச் டேப்புமாக, தானே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டவர் போல நிமிர்ந்து நிற்கிறார்.

"மிலிட்டரி ஆர்டரும்மா. வெச வாயு அடிச்சாக்கூட உள்ள இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆவாது. அந்த மாரி சூட்டு" என்றார்.

ராணுவம் இவரைத் தேடி வந்து கொடுத்துவிடவில்லை. ராணுவம் ஒரு கம்பெனியிடம் கொடுத்தது, அந்தக் கம்பெனி சென்னையில் இன்னொரு கம்பெனியிடம் கொடுத்தது, அது இவரிடம் தள்ளிவிட்டது. மேலே இருப்பவர்கள் எல்லாம் பேனா பிடிக்கிறவர்கள், ஊசி பிடிக்கிற முதல் ஆள் இவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"எனக்குத் துணியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே" என்றேன்.

"நீ பீங்கானையே செக் பண்ணவ. துணி கீழ விழுந்தாக்கூட உடையாது. அப்புறம் என்னா?"

சேர்ந்துவிட்டேன்.

ஷெட்டில் பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் கை பழகியவர்கள், அதுதான் வினையே. ஸ்கூல் சட்டை தைத்துத் தைத்து ஊறிப்போன கை. முதல் நாள் தைத்து முடித்த கவச உடுப்பைப் பார்த்தால், நெஞ்சுக்கு இடது பக்கம் அழகாக ஒரு பாக்கெட்.

"எதுக்குடி பாக்கெட்டு?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"பேனா வெச்சிக்க" என்றாள் தைத்தவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

சைஸ் குறிப்பதிலும் இதே கூத்து. சின்னது, பெரியது என்றெல்லாம் எழுதச் சொன்னால் இவர்களுக்குக் குழப்பம் வருகிறது. ஆகவே கட்டுக் கட்டாகப் பிரித்து, மேலே சீட்டில் 'ஒன்பதாவது', 'பத்தாவது', 'பிளஸ் டூ' என்று எழுதி வைத்தார்கள். நல்லவேளை, ஒன்றாம் வகுப்புக்கு ஆர்டர் வரவில்லை.

துணிக்குள்ளே கரி பூசிய ஒரு அடுக்கு இருந்தது. விஷத்தை அந்தக் கரிதான் உறிஞ்சுமாம். விஷத்தை உறிஞ்சுகிறதோ இல்லையோ, முதலில் எங்கள் மேல் அப்பிக்கொண்டது. பத்து வருஷம் பீங்கான் மாவு அப்பி வெள்ளை வெளேரென்று வீட்டுக்குப் போனவள், இப்போது அடுப்புக்குள் புகுந்து வந்தவள் போலப் போனேன். முதல் நாள் கதவைத் திறந்த என் வீட்டுக்காரர், "யாரும்மா வேணும்?" என்று கேட்டார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் வேலை என்ன? தைத்து முடித்த உடுப்பைப் பார்த்து, நூல் தொங்கினால் வெட்டி, காலரில் சீல் குத்தி, கூடவே வரும் தாளில் 'எவ்வாறு சோதிக்கப்பட்டது' என்ற கட்டத்துக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும்.

"எப்பிடி டெஸ்ட் பண்றதுங்க?" என்று முதல் நாளே கேட்டேன்.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "தட்டிப் பாரு" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், தட்டிப் பார்த்தேன். விரல் கணுவால் நெஞ்சில் ஒரு தட்டு, முதுகில் ஒரு தட்டு. ணங்கும் கேட்கவில்லை, சொத்தும் கேட்கவில்லை. கரிதான் பறந்தது. தும்மிவிட்டு சீல் குத்தினேன். அப்படியே நாற்பது உடுப்பு. அந்த நாற்பதும் ஒரு வேனில் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டது. மனசுக்குள் உறுத்தல் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் சென்னையில் படித்தவர்கள் இருப்பார்கள், மிஷின் வைத்துப் பார்ப்பார்கள், நாம் குத்துவது சும்மா ஒரு சம்பிரதாயம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலை வேண்டியிருந்தது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில்தான் என் தம்பி லீவில் வந்தான். என் ஒரே தம்பி, பட்டாளத்தில் சிப்பாய். வடக்கே குளிர் எல்லையில் நிற்கிறவன். வந்தவன் என் கையைப் பார்த்து, "என்னாக்கா, கரி வியாபாரமா?" என்றான். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. மறுநாள் காலையில் டீயைக்கூடக் குடிக்காமல் என்னோடு ஷெட்டுக்கு வந்து நின்றான்.

முதலாளிக்கு ஒரே பெருமை. "வாங்க தம்பி, வாங்க. ஒங்களுக்காவத்தான் ராப்பகலாத் தைக்கறோம்" என்று நாற்காலி போட்டார்.

அவன் உட்காரவில்லை. ஒரு உடுப்பை எடுத்து உள்பக்கம் வெளியே திருப்பினான். வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். தையல் போன வழி முழுக்க, தோளில், அக்குளில், தொடையில், பொடிப் பொடியாக வெளிச்சம். ஒவ்வொரு ஊசிக் குத்துக்கும் ஒரு ஓட்டை. துணி காற்றுப் புகாத துணிதான். நாங்கள்தான் அதில் ஆயிரம் ஓட்டை போட்டு வைத்திருந்தோம்.

"யக்கா, இது என்னா கொசுவலையா?" என்றான்.

"அந்த ஓட்டை மேலல்லாம் டேப்பு ஒட்டிட்டோம் தம்பி" என்றார் முதலாளி.

"டேப்பு ஒட்டறதுக்குத் தனியா மிஷின் இருக்குது சார். சூடு குடுத்து அமுக்கணும். நான் டிரெய்னிங்ல போட்ட சூட்டுல தையல் மேல பட்டையா இருக்கும், நகத்தால கீறினாக்கூட வராது." சொல்லிக்கொண்டே ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். டேப் முழுசாகக் கையோடு வந்தது, வாழைப்பழத் தோல் மாதிரி.

"மிஷின் வருதுன்னு சொன்னாங்க, வர்ல. இஸ்திரிப் பொட்டிய வெச்சித்தான் தேச்சோம்" என்றார் முதலாளி, குரலைத் தணித்து. பிறகு திடீரென்று தைரியம் வந்து, "இப்ப என்னா தம்பி, சண்டையா வரப் போவுது? வந்தாலும் வெச வாயுவா வுடப் போறான்? சும்மா பொட்டியில கெடக்கப் போவுது" என்றார்.

"வராதுன்னு தெரிஞ்சா எங்கள எதுக்கு சார் அங்க நிக்க வெச்சிருக்காங்க?"

அதுவரை அந்த உடுப்புக்குள் யார் இருப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது பார்த்தால் உள்ளே என் தம்பி நிற்கிறான், காலரில் என் சீல் இருக்கிறது.

"இனிமே டெஸ்ட் பண்ணாம நான் சீல் குத்த மாட்டேன்" என்றேன்.

"எத வெச்சிம்மா டெஸ்ட் பண்ணுவ? வெச வாயு எங்க விக்கிது, கடைத்தெருவுலயா?"

அதற்கு வழி சொன்னவர் எங்கள் தையல்காரப் பெண்களில் மூத்தவர், கம்மாபுரத்துக்காரர். நாங்கள் அவரைப் பெரியக்கா என்போம். "மொளகாயப் போட்டுப் பொகை போடு. நெடி உள்ள போனா இருமப் போறான். போவலன்னா சூட்டு நல்ல சூட்டு. இதுக்குப் போயி எதுக்கு இம்மாம் சண்டை?" என்றார்.

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. தம்பியே உடுப்பை மாட்டிக்கொண்டான், பிளஸ் டூ சைஸ். தலையையும் சேர்த்து மூடும் உடுப்பு, முகத்துக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். வாய்க்கு நேரே மூச்சு வடிகட்டி பொருத்த ஒரு வட்ட ஓட்டை இருந்தது. வடிகட்டி சென்னையில்தான் மாட்டுவார்கள். பக்கத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கொட்டகையிலிருந்து ஒரு உருண்டை மண் வாங்கி வந்து நானே அதை அடைத்தேன். கைக்கும் காலுக்கும் பாலித்தீன் பை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டோம். உள்ளே இருக்கும் காற்று ஐந்து நிமிஷம் தாங்கும் என்றான் தம்பி. கரி இஸ்திரிப் பெட்டியிலிருந்து நெருப்புக் கங்குகளை எடுத்து ஒரு உடைசல் தட்டில் கொட்டி, ஷெட்டை ஒட்டிய சாமான் அறையில் அவனை நிறுத்தி, வாசலில் நாங்கள் நின்றோம்.

பெரியக்கா கை நிறைய வரமிளகாயை எடுத்தார். போட வேண்டியதுதானே? போடவில்லை. பட்டாளத்துப் பிள்ளை, புது உடுப்பு, ஆறடி உயரத்தில் நிற்கிறான், பன்னிரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பழக்கதோஷம். கை தானாக மேலே போய்விட்டது. "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாயி கண்ணு, நரி கண்ணு" என்று சொல்லி, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று சுற்று சுற்றி, "துப்புடா தம்பி" என்றார்.

உள்ளேயிருந்து அவன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. துப்ப முடியாது என்று சொல்லியிருப்பான்.

பெரியக்கா மிளகாயைக் கங்கில் போட்டார். படபடவென்று வெடித்தது, புகை வந்தது. நெடி மட்டும் வரவில்லை. ஒரு தும்மல், ஒரு கமறல் கிடையாது. பெண்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

"யம்மாடி! பாத்தியா, எம்மாங் கண்ணு பட்டிருக்குது புள்ளைக்கு!" என்று பெரியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அவரு இருமல! பாஸு! பாஸு!" என்று முதலாளி கைதட்டினார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அவன் இருமலன்னு சொல்றீங்களே, வெளிய நிக்கற நாம யாராவது இருமினோமா?"

"அதான் கண்ணு பட்டிருக்குதுன்னு சொல்றாங்கள்ல? திருஷ்டியும் கழிஞ்சிது, டெஸ்ட்டும் ஆச்சி. ரெண்டும் பாஸு. சீல எடும்மா."

இப்படி ஒரு மனிதரோடு எப்படி வாதாடுவது? நானும் அந்த ஊர்க்காரிதானே. நெடி வரவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது என்று என் வீட்டிலும்தான் சொல்வோம். ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, மறைப்பானேன். பிறகு மீதி மிளகாயில் ஒன்றை எடுத்துக் கிள்ளிப் பார்த்தேன். சவசவவென்று இருந்தது. எந்தக் காலத்து மிளகாயோ, காரம் செத்துப்போய் வெறும் தோல்.

மங்கலம்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் ஒருத்தியிடம் சொல்லி மறுநாள் புது மிளகாய் வாங்கிவரச் சொன்னேன். பையைத் திறக்கும்போதே மூக்கில் ஏறியது. இந்த முறை மிளகாயை நான் கையில் வைத்துக்கொண்டேன். "யாரும் சுத்தக் கூடாது. சுத்துறதுன்னா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சாயங்காலம் சுத்திக்கலாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பெரியக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

போட்டேன். அவ்வளவுதான். பத்து எண்ணுவதற்குள் வாசலில் நின்ற அத்தனை பேரும் இருமிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். எதிரே டீக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து ஓடினார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவர் யாரையோ நினைத்துக்கொண்டு கெட்ட வார்த்தையில் திட்டினார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் திரும்பி உள்ளே எட்டிப் பார்த்தால், பிளாஸ்டிக் ஜன்னலுக்குப் பின்னால் என் தம்பியின் முகம் தெரியவில்லை. ஆவி கட்டிவிட்டது. உடுப்பு மட்டும் குலுங்கிக் குலுங்கி ஆடுகிறது. அவனை இழுத்து வெளியே போட்டு ஜிப்பைப் பிரித்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக ஊற்ற, குடல் வெளியே வருவது போல இருமினான். உடம்பு பூராவும் கரி. ரோட்டில் நின்று சிரித்தவர்களோடு நானும் சிரித்துவிட்டு, பிறகு அவன் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதேன்.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வெளியே வந்தப்புறம்தாம்மா இருமினாரு."

"உள்ளயே இருமினான். நான் பாத்தன்."

"அது பயத்துல இருமறது."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. உடுப்பை அவர் முன்னால் நீட்டினேன். "நீங்க தைரியசாலி. நீங்க மாட்டிக்கிட்டு உள்ள போயி ரெண்டு நிமிசம் நில்லுங்க. இருமலன்னா மொத்த லாட்டுக்கும் நான் சீல் குத்தறேன். ஒன்பதாவது சைஸு ஒங்களுக்குச் சரியா இருக்கும்."

அவர் உடுப்பைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். "எனக்கு வீசிங்கும்மா" என்றார்.

பன்னிரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் அவரும் பாவம் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆர்டரை விட்டால் ஷெட்டை மூட வேண்டும் என்ற பயம், வேறொன்றுமில்லை.

அன்று தாளை எடுத்து, 'எவ்வாறு சோதிக்கப்பட்டது' கட்டத்தில் தமிழிலேயே எழுதினேன்: 'மங்கலம்பேட்டை மிளகாய்ப் புகையில். உள்ளே இருந்தவர் இருமினார். தையல் வழியாகப் புகை போகிறது. ஏற்கெனவே அனுப்பிய நாற்பதையும் திருப்பி அனுப்பவும்.' கையெழுத்துப் போட்டு, கீழே ஏழு என்றும் எழுதி, சென்னைக்குத் தபாலில் போட்டேன்.

நாலு நாளில் சென்னைக் கம்பெனியிலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கினார். வழியில் வேப்பூரில் சாப்பிட்டதன் ஏப்பத்தோடு, முழுக்கைச் சட்டை, கழுத்தில் அட்டை. என் தாளை இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"உங்கள யாரும்மா டெஸ்ட் பண்ணச் சொன்னது?"

"டெஸ்டட்னுதான சார் சீல் குடுத்தீங்க?"

"ஆமா. சீல் போடத்தானம்மா சொன்னோம்."

"அப்ப டெஸ்ட்டு யாரு பண்றது? நீங்களா?"

"எங்களுக்கு உங்ககிட்டேர்ந்து டெஸ்ட் ஆகித்தானே வருது."

"ஒங்களுக்கு மேல இருக்கறவங்க?"

"அவங்களுக்கு எங்ககிட்டேர்ந்து டெஸ்ட் ஆகி வரும்."

சென்னையில் மிஷின் வைத்துப் பார்ப்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன். சென்னை விருத்தாசலத்தை நம்பியிருந்தது. அந்த மொத்தச் சங்கிலியிலும் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தது நான் ஒருத்திதான், அதுவும் விரல் கணுவால்.

"அந்த நாப்பது சூட்டு?" என்றேன்.

"அதெல்லாம் பட்டாளத்துக்கு இஷ்யூ பண்ணியாச்சும்மா. எந்த யூனிட்னு எங்களுக்கே தெரியாது."

அப்புறம் அவர் மீதி உடுப்புகளைக் கட்டிக் காரின் டிக்கியில் ஏற்றச் சொன்னார். என் மேஜையில் இருந்த சீலையும் மைப்பெட்டியையும் எடுத்து, பத்திரமாக ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோனார். நான் குத்தாவிட்டால் குத்துவதற்கு அங்கே கை இல்லையா என்ன? முதலாளி பழையபடி ஸ்கூல் யூனிபார்முக்குத் திரும்பினார். எனக்கு பட்டன் தைக்கும் வேலை கொடுத்தார்.

தம்பிக்கு லீவு முடிந்தது. ஜங்ஷனில் வழியனுப்பப் போனேன். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், முறுக்குப் பொட்டலத்தைப் பத்து தடவை பையில் வைத்து எடுத்தேன். கடைசியில் கொட்டிவிட்டேன். "டேய், அந்த மாரி சூட்டு குடுத்தாங்கன்னா காலரத் திருப்பிப் பாரு. ஏழுன்னு இருந்துச்சின்னா போடாதடா. அது ஒன் அக்கா பண்ண தப்பு."

"யக்கா, அங்க காலரத் திருப்பிப் பாத்துப் போடறதுக்கு நான் என்னா மாப்பிள்ளையா? 'போடு'ம்பாங்க. போடுவோம். போடலன்னா தண்டனை."

"அப்ப என்னாடா பண்ணுவ?"

"ஏழுன்னு இருந்தா மூச்சப் புடிச்சிக்கறேன், வுடு" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எவ்ளோ நேரம்டா புடிப்ப?" என்று கேட்டேன்.

அவன் விளையாட்டை விட்டுவிட்டு, கொஞ்சம் நிமிர்ந்து நின்றான். "ஒரு நிமிசம் இருவது செகண்டு" என்றான் பெருமையாக. "எங்க பேட்ச்சுலயே நான்தான் பஸ்ட்டு."